துடக்குக் கழியட்டும் என்றீர்கள்

அண்ணை,

இன்று காலை வாசல் முழுக்க ஸ்நோ. கராஜிலிருந்து ஸ்நோ தள்ளும் இயந்திரத்தை வெளியே இழுத்தேன். அதன் இரைச்சலுக்காக, மார்கழியில் உங்கள் வீட்டு அக்கா எடுத்துத் தந்த உங்கள் காதுமூடியை மாட்டினேன். துப்பாக்கி சுடும் தளத்தில் நீங்கள் போடுவீர்களே, அதே மஞ்சள் காதுமூடி. மாட்டிய உடனே தைல மணம் வந்தது. தலையிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெற்றிப்பொட்டில் தைலம் பூசாமல் நீங்கள் வெளிக்கிட்டதில்லை. காதுமூடியின் பஞ்சு அதை இன்னும் வைத்திருக்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். பாதி வாசல் அப்படியே கிடக்கிறது.

உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் நேரே வந்து கேட்டிருப்பேன்.

முதலில் நீங்கள் ஆயுதம் வாங்கிய கதை. வெக்ஸ்போர்ட்டில் உங்கள் நகைக்கடைக்குள் சுத்தியலோடு நாலு பேர் புகுந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளை உடைத்து அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் உங்கள் முழங்கையிலும் ஒன்று போட்டுவிட்டுப் போனார்கள். முழங்கை சுகமான பிறகு துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனீர்கள். எதற்காகக் கைத்துப்பாக்கி என்று படிப்பித்தவர் கேட்க, "கடையையும் என்னையும் பாதுகாக்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டீர்கள். இந்த நாட்டில் அது ஏற்றுக்கொள்ளும் காரணமில்லை, இலக்குச் சுடும் விளையாட்டு என்றால் ஏற்பார்கள் என்று அவர் சொன்னாராம். "அப்ப நான் விளையாட்டுக்காரன்" என்றீர்களாம், அறுபது வயது கடந்த பிறகு.

விளையாட்டு என்று சொன்னால் சுடுகழகத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் போக வேண்டும். அப்படிப் போகத் தொடங்கியவர் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. "பயத்துக்கு வாங்கினன் காணும். இப்ப சனிக்கிழமைக்கு வைச்சிருக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆயுதம் ஆயுதமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு நடந்ததை நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் தேர். என் மனைவி தாலிக்கொடி போட்டுக்கொண்டு வந்தா. திரும்பி வரும்போது ஒரு கறுப்புக் கார் பின்னால் வந்ததை நான் கவனிக்கவில்லை. பட்டப்பகல். கராஜ் கதவு முழுவதும் ஏறி முடியவில்லை, இரண்டு பெடியள் உள்ளே நின்றார்கள். ஒருவன் கையில் பிஸ்ரல். அதை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். மற்றவன் கொடியை இழுத்தான். அறுந்து வரவில்லை. அவ குனிந்து, தானே கழற்றிக் கொடுத்தா. நான் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேங்காய்ப் பாதி உருண்டு காருக்கு அடியில் போனது. பிஸ்ரல் பிடித்தவனின் தலைமூடி பின்னால் சரிந்து முகம் தெரிந்தது. பதினேழு, பதினெட்டு வயது இருக்கும்.

வந்த பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். கேட்டதைக் கொடுத்தது நல்ல வேலை, பொருளைத் திரும்ப வாங்கலாம், உயிரை வாங்க முடியாது என்றார். தாலிக்கொடியைத் திரும்ப வாங்குவது என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்த என் இங்கிலீஷ் காணாது. அன்றிலிருந்து என் மனைவி கோயிலுக்குப் பித்தளைச் சங்கிலி போட்டுக்கொண்டு போகிறா.

யாழ்ப்பாணத்தில் எனக்கு முன்னால் எத்தனை பேர் துவக்கோடு நின்றார்கள். ஆமி நின்றது. அமைதிப்படை நின்றது. எங்கள் பெடியளும் நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கியவன் நான். கடல் தாண்டி வந்து, விமானநிலையச் சரக்குக் கொட்டகையில் முதுகு முறிய வேலை செய்து வாங்கிய வீட்டின் கராஜிலும் கை தூக்குகிறவன் நான்தான் என்றால், எனக்கு என்ன மாறியது? ஒரு தடவையாவது துவக்கு என் பக்கத்தில் இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். மிசிசாகாவில் இருக்கிற மகனிடம் சொன்னேன். "அப்பா, ப்ளீஸ். யூ காண்ட் ஈவன் சீ த டிவி" என்று சிரித்தான்.

நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

"அந்தப் பெடியன் திருப்பி வந்தால், உம்மட்டை ஆயுதம் இருந்தால், சுடுவீரோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம்" என்றேன்.

"பதினேழு வயசெண்டீர்."

"ஓம். பதினேழு வயசுக்காரன்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்."

வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன கோப்பையை நீங்கள் குடிக்காமல் கீழே வைத்தீர்கள். பிறகு எடுக்கவேயில்லை. ஆடை படிந்த தேத்தண்ணியை அக்கா கொண்டுபோய் ஊற்றியது நினைவிருக்கிறது. அன்று அதற்கு நான் ஒரு அர்த்தமும் பார்க்கவில்லை.

வகுப்புக்கான புத்தகத்தை இரவல் தந்தவர் நீங்கள்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு. இங்கிலீஷை நானாகத்தான் படித்தேன், கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களிலிருந்து. அந்தப் புத்தகத்தையும் அகராதியோடு இருந்து கரைத்துக் குடித்தேன். சோதனையில் உங்களைவிடக் கூடப் புள்ளி எடுத்தேன். "உதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதையும்" என்றீர்கள். எல்லோருக்கும் சொன்னேன்.

உரிமம் தபாலில் வந்த கிழமை கடைக்குப் போனோம். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து, வெறுமையா என்று திறந்து காட்டித் தந்தார். நீங்கள் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணை மூடினீர்கள், கடையில் காப்பு நிறுக்கிறமாதிரி.

"நூறு பவுணுக்கு மேலை வரும். உவ்வளவும் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் வரிசையிலை நிப்பினம்."

அந்த வெள்ளைக்காரர் நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மோதிர அளவு பார்க்கிறதுபோல என் ஆள்காட்டி விரலைப் பிடித்து உருட்டிப் பார்த்தீர்கள். "உமக்கு விரல் கட்டை. மூட்டும் வீங்கியிருக்கு. பிடி மெல்லிசாய் இருக்கிறதாய்ப் பாரும். விசையும் பாரமாய் இருக்கக் கூடாது. கண்ணுக்கு வடிவாய் இருக்கிறது கைக்குச் சரிவராது" என்றீர்கள். இலக்குச் சுடும் சின்ன ரகம் ஒன்றைக் காட்டினீர்கள், இருபத்திரண்டு அளவுச் சன்னம் போடுவது.

"உது நுளம்புக்கு அடிக்கிறதோ?" என்று கேட்டேன்.

"கடுதாசிக்கு அடிக்கிறது. சட்டப்படி உமக்கு எதிரி கடுதாசிதானே."

எனக்கு றிவோல்வர்தான் வேண்டும் என்று நின்றேன். சிக்கிக்கொள்ளும் பாகங்கள் குறைவு, உருளையைத் திறந்தால் சன்னம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். குழல் கட்டையானதைச் சட்டம் விடாது, மிக நீளமானது என் மணிக்கட்டைக் கீழே இழுக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். கடை கடையாக என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தீர்கள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. மறந்தால் இந்த வழக்கே இல்லை.

இடையில் ஒருநாள் உங்கள் வீட்டில் அந்தக் கூத்து. பிஸ்ரல் பேஸ்மென்ட்டில், விசையில் ஒரு பூட்டு, பெட்டியில் இன்னொரு பூட்டு. சன்னம் வேறு பெட்டியில், அதற்கும் பூட்டு. அன்று சன்னங்களை எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டு, அந்தப் பெட்டிக்குள் அக்காவின் கொண்டைக்கடலையைப் போட்டீர்கள்.

"நான் கள்ளன். பின்கதவாலை வாறன். நீர் வீட்டுக்காரன். நான் கதவிலை தட்டின உடனை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாரும், பாப்பம்."

கையில் ஒரு அகப்பையோடு வெளியே போனீர்கள். கதவு தட்டப்பட்டது. நான் படியால் இறங்கினேன். மூக்குக்கண்ணாடி மேலே. திறப்புக் கோர்வையில் எது எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லை. முதல் பெட்டி திறந்தது. விசைப் பூட்டுத் திறக்க மறுத்தது. கடலைப் பெட்டி கை நழுவிக் கவிழ்ந்து நிலமெல்லாம் கடலை. மூச்சு வாங்க மேலே வந்தபோது நீங்கள் மேசையில் இருந்து உளுந்துவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"கொள்ளை முடிஞ்சுது. ரெண்டு வடையும் திண்டிட்டன். இப்ப ஆரைச் சுடப்போறீர்?"

"மிச்ச வடையைத்தான்" என்றா அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பூட்டாமல் தலைமாட்டிலை வைச்சால்?" என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமையிலை உம்மடை பேரப்பிள்ளையள் வாறவை. சட்டத்தை விடும், அதுகளை நினையும்" என்றீர்கள். "அப்ப நீங்கள் ஏன் வைச்சிருக்கிறியள்?" என்றேன். வாயைத் துடைத்துவிட்டு, "என்னட்டை இருக்கிறது துவக்கு இல்லைக் காணும். சனிக்கிழமை" என்றீர்கள்.

அண்ணை, அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். முதல் தடவை எவனும் தடுமாறுவான். நான் பழகியிருப்பேன். சட்டம் அனுமதிக்கிற இரும்புப் பெட்டகம் ஒன்றை, எண் அடித்தால் திறப்பதை, படுக்கையறைச் சுவரிலேயே பதித்திருப்பேன். உங்கள் இரண்டாவது வடை வாய்க்குள் போயிருக்காது. ஒரு கூத்தை வைத்து ஒரு மனிதனின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது.

அந்தக் கோடையில்தான் அரசாங்கம் கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தப்போகிறோம் என்றது. இருக்கிறவர்கள் வைத்திருக்கலாம், புதிதாக ஒருவரும் வாங்க முடியாது. சனம் கடைகளில் குவிந்தது. தட்டுகள் வெறுமையாகின. புரட்டாதியில், றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு கடையில் நான் தேடிய றிவோல்வர் கிடைத்தது. பிடி மெல்லியது, குழல் அளவானது. கையில் வைத்தேன், பொருந்தி இருந்தது. நீங்களும் பார்த்துவிட்டுத் தலையாட்டினீர்கள். கடைக்காரர் எனக்காக எடுத்து வைத்தார். திங்கட்கிழமை போய் விண்ணப்பம் போட வேண்டியதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து என் தமையன் செத்துப்போனார் என்று செய்தி வந்தது.

அன்று பின்னேரமே நீங்கள் வந்தீர்கள். என் மனைவிக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னீர்கள்: "கூடப்பிறந்த சகோதரம். முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் வீட்டுக்கு ஒரு புதுச் சாமானும் கொண்டுவரக் கூடாது. உது வேறை ஆயுதம். துடக்குக் கழியட்டும் காணும். கடைக்காரனோடை நான் கதைக்கிறன்."

உங்கள் சொல்லைத் தட்டியிருப்பேன். மனைவியின் முகத்தைத் தட்ட முடியவில்லை. "அண்ணை சொல்றது சரி. இப்பவே இந்த வீட்டுக்குப் பட்டது காணாதோ?" என்றா அவ. தமையனுக்கு மொட்டை அடிக்கக்கூட ஊருக்குப் போக முடியாத நான், அந்தச் சாவுத் துடக்கையாவது ஒழுங்காகக் காப்போம் என்று இருந்துவிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை. கடைக்கும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, ஐப்பசியில், சட்டம் நடைமுறைக்கு வந்தது. முடிந்தது. அதற்கு முந்தின நாள் வரை விண்ணப்பம் போட்டவர்களுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் வருடக்கணக்காக நீங்கள் என்னைச் சனிக்கிழமைகளில் சுடுகழகத்துக்குக் கூட்டிப்போனீர்கள். உங்கள் பிஸ்ரலை என் கையில் தந்து, பக்கத்தில் நின்று, சுட விட்டீர்கள். குறி தப்பினால், "அவசரம். உமக்கு எப்பவும் அவசரம்" என்று காதுமூடிக்கு மேலே தட்டுவீர்கள். நான் திரும்பி வரும் வழியெல்லாம் சட்டத்தைத் திட்டுவேன், விதியைத் திட்டுவேன், தமையன் செத்த நேரத்தைக்கூடத் திட்டியிருக்கிறேன். நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு, "ம்" என்று கேட்டுக்கொண்டு வந்தீர்கள். வழக்கு இதுதான். அந்த "ம்".

போன கார்த்திகை விளக்கீடு முடிந்த கிழமை நீங்கள் போய்ச்சேர்ந்தீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு அடுத்த நாள் அக்கா கூப்பிட்டா. பேஸ்மென்ட்டில் இருக்கிற பெட்டியை நினைத்தால் நித்திரை இல்லை, பொலிஸ் வந்து எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கோ தம்பி என்றா. நான் போவதற்கு முதல் அனுமதி அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணினேன். என்னிடம் உரிமம் இருக்கிறது, அவர் என் தமையனைப்போல, என் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். யார் பேருக்கும் முடியாது.

பொலிசில் ஒரு இளம் பெண்ணும் ஒரு நடுத்தர வயதுக்காரரும் வந்தார்கள். திறப்பை நான்தான் கொடுத்தேன். அந்தப் பெண் கையுறை போட்டு, பெட்டியைத் திறந்து, வெறுமையா என்று பார்த்தா. நீங்கள் சொல்லித் தந்த அதே ஒழுங்கு. பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த இலக்குக் கடுதாசி ஒன்று இருந்தது. நடுவில் ஒரே ஓட்டையாக நாலைந்து. "நல்லாய்ச் சுடுவாரோ?" என்று இங்கிலீஷில் கேட்டா. "ஓம். கடுதாசியை" என்றேன். என் உரிமத்தை எடுத்துக் காட்டி, அந்த நடுத்தர வயதுக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவர் அதை வாங்கி வடிவாகப் பார்த்தார். இது செல்லும், ஆனால் இதைக்கொண்டு இனி வாங்க ஒன்றும் இல்லை என்றார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

அவர்கள் போன பிறகு அக்கா தேத்தண்ணி போட்டா.

"துடக்கு வீட்டிலை இருந்து ஆயுதம் வெளியிலை போறதுக்கு நாள் பாக்கத் தேவையில்லைத்தானே" என்று சொன்னேன், பகிடியாக.

அக்கா சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்தா.

"தம்பி, அவருக்கு எங்கை துடக்கு? அவரைப் பெத்த மாமி செத்து ஆறாம் நாள் கடை திறந்த மனுசன். வெள்ளிக்கிழமையிலை ஆட்டிறைச்சி கேக்கிறவர்."

"பின்னை எனக்கேன் அப்பிடிச் சொன்னவர்?"

"சட்டம் எப்ப வருமெண்டு பாத்து வைச்சிருந்தவர். நேரை சொன்னால் நீங்கள் கேக்கமாட்டியள். துடக்கெண்டால் உங்கடை மனுசி விடமாட்டா எண்டு கணக்குப் போட்டவர்." அக்கா மேலும் சொன்னா: "நான் ஏசினனான். 'ஏனப்பா ஏமாத்திறியள், வாங்கினால் வாங்கட்டும், எல்லாரையும்போலை பூட்டித்தானே வைக்கப்போறார்' எண்டு. அதுக்கு அவர், 'நான் எடுத்தால் சுடமாட்டன். அவன் எடுத்தால் சுட்டுப்போடுவான். அவன் சொன்னால் செய்யிற ஆள்' எண்டவர்."

"அக்கா, அது துரோகம்" என்றேன்.

"ஓம்" என்றா அக்கா. காதுமூடியை எடுத்து என் மடியில் வைத்தா. "இதைக் கொண்டுபோங்கோ. இதுக்குச் சட்டம் இல்லை."

நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பதற்காக அல்ல. மன்னிக்கிற எண்ணம் எனக்கு இல்லை. என் தமையன் சாவை எடுத்து எனக்கு எதிராகப் பாவித்தீர்கள். என் மனைவியின் பயத்தைப் பூட்டாகப் போட்டீர்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன், தோற்றாலும் என் வாயால் தோற்றிருப்பேன். இப்போது உங்களைக் கூண்டில் ஏற்றவும் முடியவில்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்கமாட்டேன். மகன் சிரித்தான். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். கோயிலில் கதை கேட்டவர்கள், அங்கிளுக்குக் கோபம், ஆறிவிடும் என்று தோளில் தட்டினார்கள். கிழவன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் சொன்னதைச் செய்வேன் என்று முழுதாக நம்பியவர் நீங்கள் ஒருவர். நம்பியபடியால்தான் ஏமாற்றினீர்கள். அந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்க எனக்கு இன்னும் பழகவில்லை. பழகாவிட்டாலும் பரவாயில்லை.

உரிமம் பேர்சுக்குள்தான் இருக்கிறது, சுகாதார அட்டைக்குப் பின்னால். அடுத்த வருடம் முடிகிறது. புதுப்பிப்பேன். துவக்கு இல்லாத உரிமம் எதற்கு என்று மகன் கேட்கிறான். துவக்கைத்தான் தடுத்தார்கள், என்னை அல்ல என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. காதுமூடி மேசையில் இருக்கிறது. மனைவி, வாசலைப் பாதியில் விட்டுவிட்டு என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறா. இதை முடித்துவிட்டு மாட்டிக்கொண்டு இறங்குவேன். பஞ்சைக் கழுவப்போவதில்லை.

அந்தப் பெடியனைச் சுடுவீரோ என்று கேட்டீர்கள். இன்று கேட்டாலும் ஓம்தான், அண்ணை. கேட்டவுடன் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைக்கிற ஆள்தான் இந்த ஊரில் இப்போது இல்லை.